23 நாளும் மூணு மாசமும்

எங்க வாத்தியார், நாங்க மாஷ்னு கூப்பிடறவரு, தவறிட்டாருன்னு நம்ம பழைய மாணவர் குரூப்புல மெசேஜ் வந்தப்ப நான் மஸ்கட்ல மத்ரா கார்னிஷ் ஓரமா வண்டிய நிறுத்திட்டு கரக் டீ குடிச்சிட்டு இருந்தேன். தலைக்கு மேல பாறையில கோட்டை, போர்ச்சுகீஸ்காரங்க காலத்துது. 1507ல அல்புகர்க் வந்து மஸ்கட்ட எரிச்சான், 1650ல ஓமான்காரங்க விரட்டி விடற வரைக்கும் ஊரு அவங்க கையிலதான் இருந்துச்சு. பதினெட்டு வருஷமா அந்தக் கோட்டையத் தாண்டித்தான் வேலைக்குப் போறேன். டிக்கெட் தேடிப் பாத்தேன், கோயமுத்தூருக்கு அன்னிக்கு ஒண்ணும் இல்ல, கொச்சிக்கு ராத்திரி ஒண்ணு இருந்துச்சு, ஆனா அங்க எறங்கி பாலக்காடு வந்து சித்தூர் போய்ச் சேர்றதுக்குள்ள எடுத்துருவாங்கன்னு தெரிஞ்சுது. டீய முழுசா குடிக்க முடியல.

மாஷ்னா எந்த மாஷ்னு நம்மாளுங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல. ரெண்டாவது பெல்லுக்கு முன்னாடியே வராந்தாவுல நிப்பாரே, அந்த சோசியல் மாஷ்.

1998. நாங்க ஒம்பதாவது. ஜூன்ல ஸ்கூல் தொறந்தப்ப மழையோட மழையா பேப்பர்ல எல்லாம் ஒரே விவாதம், வாஸ்கோடகாமா வந்து எறங்கி 500 வருஷம், அதக் கொண்டாடறதா வேண்டாமான்னு. மாஷ் முதல் கிளாஸ்ல போர்டுல ஒரு வரி எழுதுனாரு, "வாஸ்கோடகாமா 1498ல் இந்தியாவுக்குக் கடல்வழியைக் கண்டுபிடித்தார்". எழுதிட்டு 'கண்டுபிடித்தார்'க்கு அடியில கோடு போட்டு, "தொலைஞ்சு போனதத்தானடா கண்டுபிடிக்கணும், கடல் எப்படா தொலைஞ்சுது?"ன்னு கேட்டாரு. யாரும் வாயத் தொறக்கல. அப்பறம் அகநானூறு 149ஆம் பாட்டச் சொன்னாரு, யவனரோட கப்பலுங்க பெரியாத்து நுரை கலங்க பொன்னோட வந்து மிளகோட திரும்பிப் போகும்னு வருமே, அது. தமிழ் பீரியட்ல மனப்பாடம் பண்ற சமாச்சாரம் சோசியல் பீரியட்ல வந்தது எங்களுக்குப் பெரிய அதிசயம்.

அடுத்த வாரம் தாள் வந்துச்சு. அந்தத் தாளுங்க யாருக்கெல்லாம் ஞாபகம் இருக்கு? காமாகூட முதல் தடவ வந்த ஒருத்தர் எழுதி வெச்ச டைரி, அது 1898ல இங்கிலீஷ்ல புஸ்தகமா வந்துது, மாஷ் அத எங்கயோ லைப்ரரியில தேடிப் பிடிச்சு, பகுதி பகுதியா தன் கையால தமிழ்ல எழுதி, சித்தூர்ல போட்டோஸ்டாட் எடுத்து, பெஞ்சுக்கு ஒண்ணுன்னு குடுத்தாரு. சொந்தக் காசு. சம்பளம் லேட்டாகுற மாசத்துலயும் தாள் லேட்டானதில்ல.

முதல் தாள், பரிசு லிஸ்ட். கோழிக்கோட்டு ராஜா சாமூதிரிக்குக் குடுக்கன்னு காமா எடுத்து வெச்சது, கோடு போட்ட துணி 12, செவப்புத் தலைமூடி 4, தொப்பி 6, பவளச்சரம் 4, கை கழுவுற பாத்திரம் 6, ஒரு பெட்டி சக்கரை, ரெண்டு பீப்பா எண்ணெய், ரெண்டு பீப்பா தேன். அதப் பாத்துட்டு ராஜாவோட ஆளுங்க சிரிச்சுட்டாங்களாம், மக்காவுல இருந்து வர்ற ஏழை வியாபாரிகூட இதவிட அதிகமாத் தருவானேன்னு. மாஷ் எங்கள சிரிக்க விட்டுட்டு, "சிரிச்சாச்சா? இப்ப காமா இடத்துல இருந்து யோசி. பத்து மாசம் கடல்ல வந்திருக்கான், கூட வந்தவன்ல கொஞ்சப் பேர் வழியிலயே போயிருக்காங்க, வந்து எறங்குன எடத்துல சிரிக்கிறாங்க. மனசுல என்ன ஓடும்?"ன்னாரு. திட்டறதுக்கோ கும்பிடறதுக்கோ முன்னாடி ஒரு நிமிஷம் அவன் நின்ன எடத்துல நின்னு பாக்கச் சொன்னாரு. நான் படிச்ச எந்த வாத்தியாரும் அதச் செஞ்சதில்ல.

ரெண்டாவது தாள்தான் என் உசுரு. கரை எறங்குன முதல் ஆள் கப்பல்ல கூட்டிட்டு வந்த ஒரு கைதி. ஆபத்தான எடத்துக்கு முன்னாடி அனுப்பறதுக்குன்னே அந்த மாதிரி ஆளுங்கள ஏத்திட்டு வருவாங்களாம். அவன் போய்ப் பாத்தா அங்க துனிஸ்காரங்க ரெண்டு பேரு, ஸ்பானிஷ் பாஷையில, சைத்தான் உன்னக் கொண்டு போக, இங்க எதுக்கு வந்தேங்கற மாதிரி கேக்கறாங்க. அவன் சொல்றான், கிறிஸ்தவங்களயும் மசாலாவயும் தேடி வந்தோம்னு. அதே தாள்ல காத்துக் கணக்கும் இருந்துச்சு. கிழக்கு ஆப்பிரிக்கக் கரையில மலிந்தியில ஒரு வழிகாட்டி கெடைச்சு, ஏப்ரல் 24 கெளம்பி அரபிக்கடல 23 நாள்ல தாண்டிட்டாங்க. திரும்பும்போது சீசன் பாக்காம அக்டோபர் 5 கெளம்பி ஜனவரி 2தான் ஆப்பிரிக்கக் கரையப் பாத்தாங்க, மூணு நாள் கொறைய மூணு மாசம். ஈறு வீங்கி 30 பேர் செத்து, கப்பலுக்கு ஏழெட்டுப் பேர்தான் எழுந்து நிக்கற நெலம. கீழ மாஷ் கேள்வி எழுதியிருந்தாரு, "23 நாளில் வந்தவர்கள் திரும்பிப் போக ஏன் மூன்று மாதம்?" வாளையார் கணவாய்க் காத்துல சைக்கிள் மிதிச்சு வர்ற பசங்க நாங்க, எங்களுக்கா தெரியாது. கிழக்க போனா பறக்கும், மேக்க வந்தா நெஞ்சு அடைக்கும். எடவப்பாதி, அதான் தென்மேற்குப் பருவமழை, என்னிக்கு எறங்கும்னு நம்மூர்ல சின்னப் பையனும் சொல்வான். காத்த அறிஞ்ச சனம் ஏற்கெனவே அந்தக் கடல்ல போயிட்டு வந்துட்டு இருந்துச்சு, காமா அவங்க பின்னாடி வந்தாரு. இத மாஷ் எங்களுக்குச் சொல்லல, எங்கள சொல்ல வெச்சாரு.

நானும் என் பெஞ்சுக்காரனும் ஒரே தாள்தான். ராவுத்தர் வீட்டுப் பையன். பேர் போடல, படிச்சா அவனுக்குத் தெரியும். தாளுக்குப் பின்பக்கம் நான் ஒரு வரி அவன் ஒரு வரின்னு பதில் எழுதுவோம். அவன் அத்தாவோட அம்மா பம்பாயிலருந்து கப்பல்ல ஹஜ்ஜுக்குப் போயிட்டு வந்தவங்க, கப்பல்ல எத்தன நாள், யாருக்கு வாந்தி வந்துச்சு, ஜித்தாவுல எறங்குனப்ப எப்பிடி அழுதாங்கன்னு அவன் கதகதையா சொல்லுவான். கேட்டுக் கேட்டு எனக்கும் பாதி மனப்பாடம்.

மூணாவது தாள் 1502. காமா ரெண்டாவது தடவ வந்தப்ப மக்காவுலருந்து திரும்பிட்டு இருந்த யாத்திரக் கப்பல மலபார்க் கரைகிட்ட மறிச்சு, இருந்த பொருளெல்லாம் எடுத்துட்டு, பல நூறு பேரோட தீ வெச்சது. பொம்பளைங்க நகையக் காட்டி, கைக்குழந்தையத் தூக்கிக் காட்டி கெஞ்சுனாங்கன்னு எழுதி வெச்சவரும் போர்ச்சுகீஸ் பக்கத்து ஆளுதான், தோமே லோபெஸ். 1502 அக்டோபர் 3, திங்கக்கெழம, என் ஆயுசு பூரா இந்த நாள மறக்க மாட்டேன்னு எழுதியிருக்காரு. மாஷ் அதப் படிக்கும்போது கிளாஸ்ல ஃபேன் சத்தம் மட்டும்தான்.

அதோட விட்டிருக்கலாம். மாஷ் ஒரு கோர்ட் நடத்தலாம்னாரு. நாலு குழு, போர்ச்சுகீஸ்காரங்க, சாமூதிரி ஆளுங்க, வியாபாரிங்க, கப்பல்ல இருந்தவங்க. என்னய காமாவாக்கிட்டாரு. கப்பல்காரங்களுக்கு வக்கீல் என் பெஞ்சுக்காரன். ரெண்டு நாள் ராத்திரி உக்காந்து படிச்சேன். 1500ல கோழிக்கோட்டுல போர்ச்சுகீஸ் பண்டகசாலையில இருந்தவங்க கொல்லப்பட்டாங்க, அதுக்கு முன்னாடி அவங்க ஒரு அரபுக் கப்பலப் பிடிச்சதுதான் சண்டைக்கு ஆரம்பம், அப்பறம் அவங்க தளபதி கப்ரால் ஊரு மேலயே பீரங்கி விட்டான், எல்லாம் வரிசையா தலையில இருந்துச்சு.

அவன் எழுந்து நின்னான். சட்டையில மேல் பட்டன் வரைக்கும் போட்டிருந்தான், அது ஏன் ஞாபகம் இருக்குன்னு தெரியல. "அவங்க கொழந்தையத் தூக்கிக் காட்டுனத நீங்க பாத்தீங்களா இல்லயா?" பாத்தேன்னேன். "பாத்துட்டு ஏன் நிறுத்தல?" படிச்ச 1500 எல்லாம் மறந்து போச்சு. வாயில வந்தது இதுதான். "அவங்க நம்மாளுங்க இல்லயே."

கிளாஸ் கை தட்டுச்சு. பாதிப் பேர் நல்லா நடிச்சேன்னு தட்டுனாங்க, மீதிப் பேர் எதுக்குத் தட்டுனாங்கன்னு இன்னிக்கும் நெனச்சா வயித்தப் பெசையுது. அவன் அடுத்த கேள்வி வெச்சிருந்தான், தாள் கையிலதான் இருந்துச்சு, கேக்கல. அப்படியே உக்காந்தான். அவனுக்கு அது 1502ல யாரோ இல்ல, அவன் வீட்டுல வெத்தல இடிச்சிட்டு உக்காந்திருக்கற கெழவி. எனக்கும் அது தெரியும், ஊர்ல வேற யாரவிடவும் எனக்குத் தெரியும்.

அடுத்த நாள் அவன் பின் பெஞ்சுக்குப் போயிட்டான். ரெண்டு நாள் கழிச்சு யாரோ பேரண்ட்ஸ் வந்து, சிலபஸ்ல இல்லாதத நடத்துறாங்க, பசங்களுக்குள்ள பகைய மூட்டுறாங்கன்னு எச்.எம். ரூம்ல சத்தம் போட்டாங்க. என்னயும் கூப்பிட்டுக் கேட்டாங்க. மாஷ் அந்த மாதிரி எதுவும் சொல்லித் தரல, அது என் வாயில வந்ததுன்னு நான் சொல்லியிருக்கணும். தரையப் பாத்துட்டு நின்னேன். அதோட தாள் நின்னுச்சு, காமா வந்து எறங்குனதா சொல்ற காப்பாட்டுக்குப் போறதா இருந்த டூரும் நின்னுச்சு. மாஷ் நோட்ஸ் சொல்லி எழுதப் போட்டாரு, மார்ச் வரைக்கும்.

2012 லீவுல அவர் வீட்டுக்குப் போனேன். ரிட்டயர் ஆகி, திண்ணையில வெயில் காஞ்சிட்டு இருந்தாரு. நான் பேச்ச எடுக்கறதுக்கு முன்னாடியே அவரே எடுத்தாரு. "கண்ணு, அன்னிக்கு தப்பு என்னுது. தாளக் குடுத்தது சரி. கோர்ட் வெச்சது தப்பு. பதினாலு வயசுப் பையன் கையில கொன்னவன் வேஷத்தயும், இன்னொரு பையன் கையில செத்தவங்க வேஷத்தயும் குடுத்துட்டு நான் நாற்காலியில உக்காந்துட்டேன்." நான் அழுதுட்டேன். அவன்கிட்ட பேசுனியான்னு கேட்டாரு, இல்லன்னேன். போய்ப் பேசுன்னாரு.

அத நான் நெறைய யோசிச்சிருக்கேன், ஏன்னா இப்ப என் மக எட்டாவது, அவளுக்கு எக்ஸ்ப்ளோரர்ஸ்னு ஒரு சார்ட் ப்ராஜெக்ட் வந்துச்சு, காமா படத்த ஒட்டிக் கீழ அதே 'கண்டுபிடித்தார்'. இன்னொரு பக்கம், காமா ஒரு கொள்ளக்காரன், அவ்வளவுதான், அந்தப் பாடமே வேண்டாம்னு சொல்றவங்களும் நம்ம சங்கத்துலயே இருக்காங்க. ரெண்டையும் என்னால ஒத்துக்க முடியல. வேண்டாம்னு எடுத்துட்டா லோபெஸ் எழுதுன அந்தத் திங்கக்கெழமயும் போயிரும். பிள்ளைங்களுக்குத் தாளக் குடுக்கணும். காமா பக்கத்து டைரி, லோபெஸ், அப்பறம் அதே நூற்றாண்டுல பொன்னானியில இருந்து ஷெய்க் சைனுத்தீன் மக்தூம் எழுதுன துஹ்ஃபத்துல் முஜாஹிதீன், போர்ச்சுகீஸ்காரங்க மலபார்ல பண்ணுனத பாதிக்கப்பட்ட பக்கத்துல நின்னு சொல்றது. மூணையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுட்டு, யார் எழுதுனது, யாருக்காக எழுதுனது, யாரோட குரல் இதுல இல்லன்னு கேக்க விடணும். பதில் வர லேட்டாகும், ஆகட்டும். ஆனா எந்தப் பிள்ளையயும் கொன்னவனா நிக்க வெக்காதீங்க, செத்தவங்களா உக்கார வெக்காதீங்க. கேள்வி கேக்கறவங்களா மட்டும் நிக்கட்டும். டீச்சரா இருக்கற நம்ம பழைய மாணவருங்க நெறையப் பேர் இதப் படிப்பீங்க, உங்ககிட்டதான் கெஞ்சிக் கேக்கறேன்.

மாஷ்கிட்ட கடைசியா நல்லா பேசுனது 2016ல. ஓமான் அரசு அப்ப அறிவிச்சாங்க, அல் ஹல்லானியா தீவுகிட்ட கெடைச்ச கப்பல் 1503ல முழுகுனது, காமாவோட தாய்மாமன் விசென்டே சோத்ரே வந்த எஸ்மெரால்டாவா இருக்கணும்னு. அதுல எடுத்த மணியில 1498ன்னு வருஷம். ஃபோன்ல சொன்னதும் மாஷ் குரலே மாறிடுச்சு. "காத்து திரும்பப் போகுது, கப்பல வேற பக்கம் கொண்டு போய் நிறுத்துன்னு அங்க இருந்த சனம் சொல்லியிருக்கு கண்ணு, அவங்க கேக்கல"ன்னாரு. அப்பறம் கொஞ்ச நேரம் சும்மா இருந்துட்டு, "நீ எப்ப வர்ற?"ன்னாரு. அடுத்த வருஷம்னேன். அதுக்கப்பறம் ஊருக்குப் போனதெல்லாம் கல்யாணத்துக்கும் காரியத்துக்கும்தான், நாலு நாள் அஞ்சு நாள். இங்க வந்தப்ப ரெண்டு வருஷம்னு சொல்லிட்டு வந்தேன். வந்தது சுலபமா இருந்துச்சு. காப்பாடு மட்டும் ஒரு தடவ குடும்பத்தோட போனேன், அந்தத் தூணு, அதுல ஒரு பேரும் ஒரு வருஷமும். மாஷ் கூட நின்னு பாத்திருக்க வேண்டிய எடம்.

என் பெஞ்சுக்காரனும் ஓமான்லதான் இருக்கான், சோஹார்ல. சங்கத்து ஓணம் பொங்கல்ல எல்லாம் பாத்துக்குவோம், கை குடுப்போம், பிள்ளைங்க படிப்பு, டிக்கெட் விலன்னு பேசுவோம். இத்தன வருஷத்துல அந்த ஒண்ண மட்டும் ரெண்டு பேரும் பேசுனதில்ல.

மாஷ் போன அன்னிக்கு ராத்திரி அவன்கிட்டருந்து ஒரு ஃபோட்டோ வந்துச்சு. ஒரு வார்த்த எழுதல. அந்த ரெண்டாவது தாள், நாலா மடிச்ச கோட்டுல பழுப்பேறி, ஆனா மாஷ் கையெழுத்து அப்படியே இருக்கு. அடுத்த ஃபோட்டோ பின்பக்கம். மேல என் கையெழுத்துல, "போகும்போது காத்து எதிர்க்க இருந்தது." கீழ அவன் கையெழுத்துல, "கேட்டுட்டுப் போயிருந்தா சொல்லியிருப்பாங்க."

இருபத்தஞ்சு வருஷத்துக்கு மேல அவன் அத வெச்சிருந்திருக்கான். பதில் டைப் பண்ணிப் பண்ணி அழிச்சிட்டேன். நாளைக்கு வெள்ளிக்கெழம, லீவு. சோஹார் ரெண்டரை மணி நேரம். காலையில கெளம்புறேன்.