மஞ்சள் மூங்கிலும் உளுத்த பந்தலும்

பினாங்கின் பாலிக் புலாவில் எங்கள் வீட்டு வேலியோரம் நிற்கும் மஞ்சள் மூங்கில் குத்து, 2016-இல் அண்டை வீட்டுப் பாக்சிக் (மலாய் மாமா) கொடுத்த மூன்று கணுத்துண்டுகளிலிருந்து வளர்ந்தது. பூலோ கூனிங் (மஞ்சள் மூங்கிலின் மலாய்ப் பெயர்) வீட்டருகே இருந்தால் தீய ஆவிகள் அண்டாது என்பது அவர் நம்பிக்கை. எனக்கோ, பொன்னிறத் தண்டில் தூரிகையால் இழுத்தாற்போல் ஓடும் பச்சைக் கோடுகளே போதுமானவையாக இருந்தன. இவ்வகை விதையால் பெருகுவதில்லை என்பதால், துண்டுகளைக் கிடையாகப் புதைத்து ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டேன்.

2021-இல், பாகற்கொடிக்குப் பந்தலிட நான்கு கழிகளை வெட்டினேன். குத்தின் வெளிவிளிம்பில் பளபளப்பாக நின்றவற்றையே தேர்ந்தெடுத்தேன். அவை ஓராண்டுகூட நிறையாத இளங்கழிகள் என்பது அப்போது எனக்குத் தெரியாது. மூன்றே மாதங்களில் கழிகளிலிருந்து மாவு உதிரத் தொடங்கியது. இம்மூங்கிலில் மாவுச்சத்து மிகுதி. அதைத் தேடி வரும் சிறு வண்டுகள் உள்ளே துளைத்துக் குடியேறிவிடுகின்றன. தேய்பிறையில் வெட்டினால் உளுக்காது என்று அம்மா சொன்னபடி தேய்பிறையில்தான் வெட்டியிருந்தேன்!

மறுமுறை, மூன்றாண்டு கடந்து பளபளப்பு மங்கிய உட்புறக் கழிகளை வெட்டினேன். தண்டைச் சுற்றியுள்ள மடலின் கருஞ்சுணை தோலில் பட்டால் கடுமையாக அரிக்கும் என்பதால் முழுக்கைச் சட்டை அணிந்துகொண்டேன். அடிக்கட்டையைக் கணுவுக்குச் சற்று மேலே அறுத்தேன். கணுவிடையில் அறுத்தால் அது கிண்ணம்போல் மழைநீரைத் தேக்கி, டெங்கிக் கொசு முட்டையிட இடமாகிவிடும். பிறகு நீண்ட கம்பியால் கணுக்களின் உட்தடுப்புகளைத் துளைத்து, வண்டு துளைக்காதபடி 100 லிட்டர் நீருக்கு 3 கிலோ வெண்காரமும் (போராக்ஸ்) 2 கிலோ போரிக் அமிலமும் கலந்த கரைசலில் இரண்டு வாரம் மூழ்கவிட்டு, வெயில் படாத இடத்தில் நிறுத்தி உலர்த்தினேன். வெயிலில் போட்ட ஒரு கழி மட்டும் நெடுக வெடித்துவிட்டது.

வெண்காரம் மழையில் கரைந்து வெளியேறிவிடும் என்பதால், அக்கழிகளைப் பந்தலுக்குப் பயன்படுத்தாமல் முன்தாழ்வாரத்துத் தடுப்பாக அமைத்தேன். உளுக்கவில்லை, உறுதியாகவும் இருக்கின்றன. ஆனால் நான் ஆசைப்பட்ட பொன்னிறம் வைக்கோல் நிறமாக வெளிறி, பச்சைக் கோடுகளும் மங்கிவிட்டன. பாகற்கொடி இப்போது இரும்புக் குழாயில் படர்கிறது.