அண்ணன் காருக்கு எஞ்சின் வேலையா, வேற எஞ்சினா?

ஓவர்ஹீட் ஆகி எஞ்சின் போய்விட்டது என்றால் ஆளாளுக்குச் சொல்வது ஒன்றுதான்: சென்னை புதுப்பேட்டைக்குப் போங்க, ஒரு பழைய எஞ்சின் எடுத்து மாட்டுங்க, ரெண்டு நாள்ல வண்டி ரோட்டுக்கு வந்துடும். அண்ணனோட 2014 ஸ்விஃப்ட் டீசல் மே மாத வெயிலில் பள்ளிகொண்டா டோல்கேட் தாண்டி நின்றதிலிருந்து எங்கள் வீட்டிலும் இதே பேச்சு. எனக்கு இதில் உடன்பாடு இல்லை.

2020 ஏப்ரலில் பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபோது மாருதி டீசல் கார்களையே நிறுத்திவிட்டது. ஆக, பழைய சந்தையில் எந்த 1248 சிசி டீசல் எஞ்சினைப் பார்த்தாலும் அது அதற்கு முந்தையதுதான். எவ்வளவு ஓடியது, நேரத்துக்கு ஆயில் மாற்றினார்களா, வெள்ளத்தில் மூழ்கிய வண்டியில் இருந்து இறங்கியதா, எதுவும் தெரியாது. "ஸ்டார்ட் பண்ணிக் காட்டுறோம்" என்பார்கள், அதில் என்ன தெரியப்போகிறது? லோடு ஏற்றி ஹைவேயில் ஓட்டினால்தானே தெரியும். அப்புறம் எஞ்சின் நம்பர் மாறும், அதற்கு ஆர்டிஓ அனுமதி வாங்கி ஆர்சியில் ஏற்ற வேண்டும், எஞ்சின் எங்கிருந்து வந்தது என்பதற்குப் பேப்பர் வேண்டும். இதைச் செய்யாமல் விட்டால் நாளைக்கு இன்சூரன்ஸ் கிளெய்ம் வரும்போதோ வண்டியை விற்கும்போதோ மாட்டிக்கொள்வோம்.

சித்தூர் ரோட்டில் எங்களுக்குப் பழக்கமான பாய் ஒருவர் பட்டறை வைத்திருக்கிறார். "பிரிச்சுப் பாக்காம நான் எதுவும் சொல்லமாட்டேன் தம்பி" என்றார், அதற்காகவே அவரிடம் விட்டோம். எஞ்சின் பிளாக்குக்கு மேல்மூடி மாதிரி இருக்கும் சிலிண்டர் ஹெட்டைக் கழற்றி, இரண்டுக்கும் நடுவே கசியாமல் அடைக்கும் கேஸ்கெட்டின் ஒட்டியிருந்த பிசிறைச் சுரண்டித் துடைத்து, அதன்மேல் குறுக்காக ஒரு இரும்பு ஸ்கேலை நிறுத்திப் பின்னால் இருந்து டார்ச் அடித்தார். நடு இரண்டு சிலிண்டருக்கு நேரே ஸ்கேலுக்கு அடியில் வெளிச்சம் கோடாகத் தெரிந்தது, இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் தகடு தாராளமாக உள்ளே போனது. ஹெட் அலுமினியம், பிளாக் வார்ப்பிரும்பு; அதே சூட்டில் அலுமினியம் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும், ஆனால் போல்ட்டுகள் அதை விரியவிடாமல் இறுக்கிப் பிடித்திருக்கும், அதனால்தான் முதலில் ஹெட் வளைகிறது.

கேஸ்கெட் போய்க் கூலன்ட் ஆயிலில் இறங்கியிருந்தது. டிரெய்ன் போல்ட்டைத் திறந்தால் பால் அதிகம் ஊற்றிய டீ மாதிரி வந்தது. எனக்குப் பயமெல்லாம் பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டு மேல்தான், ஏனென்றால் தண்ணி கலந்த ஆயில் பேரிங்கைத் தின்றுவிடும். பாய் கிராங்கில் பேரிங் உட்காரும் ஜர்னல் மேல் நகத்தை ஓட்டிப் பார்க்கச் சொன்னார். எங்கேயும் தட்டவில்லை. மைக்ரோமீட்டர் அளவும் லிமிட்டுக்குள் இருந்தது, பாலிஷும் புது பேரிங்கும் போதும். பிஸ்டன் ஓடும் உள்சுவரில், அதாவது போரில்தான், இரண்டு சிலிண்டரில் கோடு விழுந்திருக்கிறது, நாலையும் கொஞ்சம் அகலமாகக் கடைந்து (போரிங்) அதற்கேற்ற ஓவர்சைஸ் பிஸ்டன் போட வேண்டும்.

சரி, கணக்கு. பிஸ்டன் செட், பேரிங், கேஸ்கெட் கிட், டைமிங் செயின், ஆயில் பம்ப், வளைந்த ஹெட்டைச் சமமாகச் சீவும் ஃபேஸிங், கூலி எல்லாம் சேர்த்து 85,000 ரூபாய் ஆகும் என்கிறார். பழைய எஞ்சின் 60,000-க்குக் கிடைக்கிறது, ஆனால் அதிலும் கிளட்ச், ஆயில் சீல், ஏற்றி இறக்கும் கூலி என்று போனால் வித்தியாசம் கரைந்துவிடும், உள்ளே இருக்கும் பேரிங் அப்போதும் பழசுதான். புது எஞ்சின் விலை கேட்டோம், காரை விற்றால் வரும் பணத்தில் பெரும்பகுதி அதற்கே போய்விடும், அதோடு விட்டுவிட்டோம். பிளாக்கில் விரிசல் இருந்தாலோ, கனெக்டிங் ராடு உடைந்து பிளாக்கைத் துளைத்திருந்தாலோ நானே வேற எஞ்சின் என்றுதான் சொல்லியிருப்பேன். இங்கே அப்படி எதுவும் இல்லை.

அண்ணன் ஒருவழியாகச் சம்மதித்துவிட்டார். பிளாக் இப்போது ராணிப்பேட்டையில் ஒரு லேத்தில் இருக்கிறது. பிஸ்டனை முதலில் கையில் வாங்கி, அதை அளந்துதான் போர் பிடிக்க வேண்டும் என்று பாய் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார். ஹெட்டில் விரிசல் இருக்கிறதா என்று பிரஷர் டெஸ்ட் பார்த்த பிறகுதான் ஃபேஸிங்.

எஞ்சின் இந்த நிலைக்கு வந்ததே ரேடியேட்டரால்தான். வண்டியை முன்பு வைத்திருந்தவர் கூலன்ட்டுக்குப் பதில் போர்வெல் தண்ணி ஊற்றியிருக்கிறார். நம்ம பக்கத்துத் தண்ணி எவ்வளவு உப்பு என்று சொல்லவே வேண்டாம், டியூப் எல்லாம் வெள்ளையாகப் படிந்து பாதி அடைத்திருக்கிறது. கழுவி மாட்டிக்கலாம் என்று அண்ணன் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். புது ரேடியேட்டரும் தெர்மோஸ்டாட்டும் வராமல் எஞ்சினை மூட வேண்டாம் என்று பாயிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.