தராசில் தொங்கிய பிள்ளை

தராசுக் கொக்கியில் துணிப்பையோடு தொங்கிய பிள்ளை வீரிட்டு அழுதது.

இன்று காலை, இலங்கை மலையகத்தில் எங்கள் தோட்டத்து டிவிஷனின் பிள்ளைக் காம்பராவில், அதாவது வேலைக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுப்போகும் இடத்தில், கிளினிக். மிட்வைப் மிஸ் முள் நிற்கும்வரை பொறுத்திருந்து, பிள்ளையின் எடையைக் குறிக்கும் அட்டையில் ஒரு சின்னப் புள்ளி வைத்தார். போன மாதப் புள்ளிக்குச் சற்று மேலே. தாயின் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

பக்கத்தில் அப்பாயி அந்த அட்டையை வாங்கித் தடவிக்கொண்டே இருந்தார்.

"எங்களுக்கு இப்படி ஒரு கடதாசியும் இல்லையே, தம்பி."

தோட்டத்து ஆட்களுக்கு மருத்துவ வசதி கொடுக்கச் சொல்லி 1912இலேயே சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் அப்பாயி பிறந்தது லயத்துக் காம்பராவில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டு அறையில், மருத்துவிச்சிக் கிழவியின் கையில். யாரும் பதியவில்லை. சரி, பிள்ளை பிழைத்ததே என்று விட்டுவிட்டார்கள்.

அப்புறம் 1948இல், யார் இந்நாட்டுக் குடிமக்கள் என்று வரையறுத்த பிரஜாவுரிமைச் சட்டம். தகப்பன் இந்த மண்ணில் பிறந்ததற்கு அத்தாட்சி கேட்டார்கள். லயத்தில் பிறந்தவர்களிடம் ஏது அத்தாட்சி? எழுதாமல் விட்ட ஒரு வரிக்காக எத்தனை குடும்பங்கள் நாடற்று நின்றன! நினைத்தால் இன்றும் நெஞ்சு அடைக்கிறது.

அப்பாயி அட்டையை மடித்து இடுப்பில் செருகப் போனார்.

"மடிக்காதீங்க அப்பாயி" என்று தாய் வாங்கி, பொலித்தீன் உறைக்குள் வைத்தாள். அதற்குப் பிறகுதான் பிள்ளையைத் தூக்கினாள்.