தேங்காய்த் தொட்டிக் கரியில் பிஹெச்.டி.: சூளையிலிருந்து வைவா வரை

எங்கள் ஊர் கொழிஞ்சாம்பாறை. பாலக்காடு மாவட்டம்தான் என்றாலும் வீட்டிலும் கடைத்தெருவிலும் எங்களுக்குத் தமிழ்தான். சுற்றிலும் தென்னை. அதனால் கார்பன் பொருட்களில் ஆய்வுக்குச் சேர்ந்தபோது மூலப்பொருளுக்கு அலைய வேண்டியிருக்கவில்லை. தேங்காய்த் தொட்டியில் லிக்னின் (மரத்தைக் கெட்டியாக்கும் பொருள்) அதிகம், சாம்பல் மிகக் குறைவு. கெட்டியான, நுண்துளை நிறைந்த கரி கிடைக்கும். முதல் உலகப் போரில் விஷவாயு முகமூடிகளுக்குள் போட்டதும் தொட்டிக்கரிதான்.

இந்த வேலையில் புதிதாக இறங்குகிறவர்கள் ஃபர்னஸைப் பற்றியே கேட்கிறார்கள். என் அனுபவத்தில் காலத்தை விழுங்கியது கழுவுவதும் அளப்பதும்தான்.

லேபில் கரியாக்கத் தொடங்கும் முன் வேலந்தாவளம் பக்கம் ஒரு கரிச்சூளையில் போய் நின்று பார்த்தேன். முதலில் ஈரம் போகிற வெள்ளைப் புகை, அப்புறம் கண்ணைக் கரிக்கிற மஞ்சள் புகை. "பொகை நீலமாகி மெலியுற வரைக்கும் வாயை மூடக்கூடாது கண்ணு" என்றார் சூளைக்காரர். அந்த மஞ்சள் புகையில்தான் எங்கள் பாடத்தின் பாதி இருக்கிறது: லிக்னின் உடைந்து வருகிற பீனால்கள், சூடு ஏற ஏற நாப்தலீன் மாதிரி வளையங்கள் ஒட்டிப்பிறந்த ஹைட்ரோகார்பன்கள். லேபில் அவை குழாயின் குளிர்ந்த முனையில் கறுப்புத் தாராகப் படியும். சூளையிலோ எல்லாம் காற்றோடு போகிறது, அக்கம்பக்கத்து வீடுகள்தான் அதைச் சுவாசிக்கின்றன. கரியை மட்டும் ஆராய்ந்துவிட்டுப் புகையை விட்டுவிடுவது அரைகுறை ஆய்வு என்றே நான் நினைக்கிறேன். தொட்டியின் எடையில் கரியாக மிஞ்சுவது மூன்றில் ஒரு பங்குகூட இல்லையே.

துளைகளைத் திறக்க, கரியை மூன்று மடங்கு பொட்டாசியம் ஹைட்ராக்சைடோடு கலந்து நைட்ரஜனில் 800 டிகிரி செல்சியஸுக்குக் கொண்டுபோனோம். காரம் குவார்ட்ஸை அரித்துவிடும் என்பதால் கரியை வைக்க நிக்கலால் ஆன படகு வடிவத் தட்டு. உள்ளே பொட்டாசியம் உலோகமே உருவாகும். சூட்டோடு காற்றுப் பட்டால் அது தீப்பற்றும் என்பதால் முழுக்க ஆறும்வரை நைட்ரஜனை நிறுத்தவே கூடாது.

இனிமேல்தான் கழுவுவது. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை விட்டதும் நுரைத்துப் பொங்கும். துளைக்குள் இருக்கிற கார்பனேட் கரைகிறது. அப்புறம் வெந்நீர், வடிகட்டல், மறுபடி வெந்நீர். வடிநீர் சீக்கிரமே தெளிந்துவிடும், பிஎச் பேப்பரும் 7 காட்டும். ஆனால் ராத்திரி முழுக்க ஊறவைத்து, காலையில் அந்தத் தண்ணீரில் சில்வர் நைட்ரேட் ஒரு சொட்டு விட்டால் பால் போல வெளுக்கும். உள்துளைகளிலிருந்து குளோரைடு இன்னும் கசிந்துகொண்டுதான் இருக்கிறது. வெளுப்பது நிற்கும்வரை கழுவ வேண்டும். ஒரே கரியை ஒருமுறை மட்டும் கழுவி ஒரு பங்கும் முழுக்கக் கழுவி ஒரு பங்கும் அளக்க அனுப்பினோம். முதல் பங்கின் பரப்பளவு (துளைகளின் உட்சுவர்களையும் சேர்த்து, ஒரு கிராமுக்கு) தெளிவாகவே குறைந்திருந்தது. உப்பு துளையை அடைக்கிறது, எடையையும் ஏற்றுகிறது. கிராமுக்கு இவ்வளவு என்ற கணக்கு இரண்டு பக்கமும் அடிவாங்குகிறது.

அளவீடு என்றால் ப்ரூனவர், எம்மெட், டெல்லர் மூவரும் 1938-இல் தந்த பி.இ.டி. முறை: வெவ்வேறு அழுத்தங்களில் எவ்வளவு வாயு ஒட்டுகிறது என்று அளந்து, புள்ளிகளை நேர்கோடாக வரைந்து பரப்பளவைக் கணக்கிடுவது. சாம்பிளை வெற்றிடத்தில் 300 டிகிரியில் ராத்திரி முழுக்கச் சூடாக்கி, பிறகு மைனஸ் 196 டிகிரியில் நைட்ரஜனை உறிஞ்சவிட வேண்டும். நாங்கள் அனுப்பிய இடத்தில் வரிசை நீளம்; அந்தக் காத்திருப்பில்தான் ஆய்வு அறிமுக அத்தியாயத்தை எழுதி முடித்தேன்.

கட்டுரை அனுப்பியதும் மதிப்பீட்டாளர் கேட்ட கேள்வி அருமையானது: எந்த அழுத்த எல்லையில் நேர்கோடு வரைந்தீர்கள்? பாடப்புத்தகம் சொல்வது ஒப்பழுத்தம் (அந்தக் குளிரில் நைட்ரஜன் திரவமாகும் அழுத்தத்தில் எத்தனை பங்கு என்பது) 0.05 முதல் 0.30 வரை. 2 நானோமீட்டருக்கும் குறைந்த துளைகள் அதற்கு முன்பே நிரம்பிவிடுவதால், நம் கரிக்கு அந்த எல்லை பொருந்தாது. அந்த நேர்கோட்டிலிருந்து கிடைக்கும் சி மாறிலி, நேர்மறையாக இருக்க வேண்டியது, மைனஸில்கூடப் போகும். சரியான எல்லையைத் தேர்ந்தெடுக்க உதவும் ரூக்ரோல் விதிப்படி குறைந்த அழுத்தப் புள்ளிகளை எடுத்து எல்லாவற்றையும் திரும்பக் கணக்கிட்டோம். ஓர் அணு தடிமனே உள்ள கார்பன் தாளான கிராஃபீனின் இரு பக்கமும் சேர்ந்தே கிராமுக்கு ஏறக்குறைய 2630 சதுர மீட்டர்தான். அதைத் தாண்டிய எண் வந்தால் சந்தோஷப்படும் முன் எல்லையைச் சரிபாருங்கள்.

வாய்மொழித் தேர்வான வைவாவில் ஒருவர், "இத்தனை சூடு ஏற்றுகிறீர்களே, இன்னும் ஏற்றி கிராஃபைட்டாகவே ஆக்கிவிடலாமே?" என்றார். நான் எக்ஸ்ரே படிகவியலாளர் ரோசலிண்ட் ஃபிராங்க்ளினின் 1951 கட்டுரையைச் சொன்னேன். சில கரிகள் 3000 டிகிரியிலும் கிராஃபைட் ஆகாது என்று காட்டியவர் அவர். தொட்டிக்கரியும் அந்த ரகம். அதன் அடுக்குகள் குறுக்கும் நெடுக்குமாகப் பிணைந்து கிடப்பதால் ஒழுங்காக வரிசைகட்ட முடியாது. கிராஃபைட் வேண்டுமென்றால் சூட்டில் உருகி இளகும் ஹைட்ரோகார்பன் பிட்ச் (கெட்டித் தார்), பெட்ரோலியக் கோக் பக்கம் போக வேண்டும். தொட்டிக்கரியில் துளைகள் நிலைத்து நிற்பதும் அந்தப் பிணைப்பால்தான். இப்போது அந்தத் துளைகளில் பெயின்ட் கரைப்பானான டொலுவீனின் ஆவி எவ்வளவு தங்குகிறது என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.