மும்பைக்கு வருகிறவர்கள் திசையும் நேரமும் பார்த்து வாருங்கள்

கோடை விடுமுறை நெருங்கும்போது ஊரிலிருந்து எங்கள் வீட்டுக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் பாதி, மும்பையை மூன்று நாளில் சுற்றிப் பார்த்துவிட முடியுமா என்ற கேள்வியோடுதான் தொடங்கும். கேட்கிறவர்கள் பெரும்பாலும் ஒரு திட்டத்தையும் தயாராக வைத்திருப்பார்கள்: காலையில் கேட்வே ஆஃப் இந்தியா, மதியம் சித்திவிநாயகர் கோயில், மூன்று மணிக்குக் கன்ஹேரி குகைகள், மாலையில் ஜுஹு கடற்கரை, இரவு மரைன் டிரைவ். வரைபடத்தில் பார்த்தால் எல்லாம் ஒரே ஊருக்குள் இருப்பதால் இது நடக்கக்கூடியதாகத்தான் தோன்றும். ஆனால் நடக்காது. நடத்தியே தீருவேன் என்று கிளம்புகிறவர்கள், பார்த்த இடங்களைவிட வண்டிக்குள் உட்கார்ந்திருந்த நேரத்தைத்தான் அதிகம் நினைவில் வைத்திருப்பார்கள்.

மும்பை முருங்கைக்காய் போல வடக்கு தெற்காக நீண்டு, குறுக்கே ஒடுங்கிய ஊர். ஒரு காலத்தில் ஏழு தீவுகளாக இருந்து பின்னர் இணைக்கப்பட்ட தென்பகுதியில் ஃபோர்ட் எனப்படும் கோட்டை வட்டாரம், கொலாபா, சர்ச்கேட், பழைய அலுவலகங்கள், நீதிமன்றம், தலைமைச் செயலகம் ஆகியவை இருக்கின்றன. மக்களில் பெரும்பாலோர் வடக்கே அந்தேரி, போரிவலி, விரார், தானே, கல்யாண் பக்கங்களில் வசிக்கிறார்கள். ஆகையால் காலை எட்டு மணியிலிருந்து பதினொன்று வரை ஊர் தெற்கு நோக்கி நகரும். மாலை ஐந்தரையிலிருந்து ஒன்பது வரை வடக்கு நோக்கித் திரும்பும். பாந்த்ரா குர்லா வளாகமும் அந்தேரி கிழக்கும் அலுவலகப் பகுதிகளாக வளர்ந்த பிறகு இந்த ஒழுங்கு சற்றுக் கலைந்திருக்கிறது என்றாலும், அடிப்படை மாறவில்லை. ஊரைப் பார்க்க வருகிறவர் செய்ய வேண்டியதெல்லாம், ஊர் போகும் திசைக்கு எதிர்த்திசையில் தம் நாளை வகுத்துக்கொள்வதுதான்.

தங்கும் இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. கொலாபாவிலும் கோட்டைப் பகுதியிலும் அறைகள் சிறியவை, வாடகை அதிகம். ஆனால் தென்மும்பையை மட்டும் பார்க்க வருகிறவர்களுக்கு அந்தச் செலவு நியாயமானதே. குடும்பத்தோடு வருகிறவர்களுக்குத் தாதர், மாட்டுங்கா, சயன் வட்டாரங்களைத்தான் நான் பரிந்துரைப்பேன். தெற்கு, வடக்கு இரண்டு பக்கமும் ஏறக்குறைய சம தூரம், நம் சாப்பாடும் நடந்து போகும் தொலைவில் கிடைக்கும். வாடகை குறைவு என்பதற்காக நவி மும்பையில் அறை எடுத்துவிட்டுத் தினமும் கொலாபாவுக்கு வந்து போவதை நான் ஆதரிப்பதில்லை; போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம் என்று சேமித்த பணம் முழுவதும் அலைச்சலில் கரைந்துவிடும். அந்தேரி கிழக்கில், விமான நிலையத்துக்கு அருகில் தங்குவதைப் பற்றியும் முன்பு இதையேதான் சொல்லிவந்தேன். 2025 அக்டோபரில் மூன்றாம் மெட்ரோ தடம் முழுமையாகத் திறக்கப்பட்ட பிறகு அந்தக் கருத்தை மாற்றிக்கொண்டேன். வடக்கே ஆரேயிலிருந்து தெற்கே கஃப் பரேட் வரை 33.5 கிலோமீட்டர், 27 நிலையங்கள், ஏறத்தாழ முழுவதும் சுரங்கப்பாதை. விமான நிலையத்தின் இரண்டு முனையங்கள், சித்திவிநாயகர் கோயில், தாதர், சிஎஸ்எம்டி எனப்படும் சத்ரபதி சிவாஜி மகாராஜ் முனையம், சர்ச்கேட் எல்லாம் இந்த ஒரே தடத்தில் வருகின்றன. முதியவர்களையும் கைக்குழந்தையையும் அழைத்துவருகிறவர்களுக்கு இதைவிட நல்ல செய்தி இந்த ஊரில் பல ஆண்டுகளாக வந்ததில்லை.

ஆயினும் லோக்கல் ரயிலில் ஏறாமல் மும்பையைப் பார்த்ததாகச் சொல்ல முடியாது, ஏறத்தான் வேண்டும். மூன்று தடங்களை நினைவில் வைத்துக்கொண்டால் போதும். வெஸ்டர்ன் சர்ச்கேட்டிலிருந்து கடலை ஒட்டி பாந்த்ரா, அந்தேரி, போரிவலி வழியாக விரார் பக்கம் போகும்; சென்ட்ரல் சிஎஸ்எம்டியிலிருந்து தாதர், குர்லா, தானே வழியாகக் கல்யாணுக்குப் போகும்; ஹார்பர் அதே சிஎஸ்எம்டியிலிருந்து கிளம்பி வாஷி, பன்வேலுக்குப் போகும். வெஸ்டர்னும் சென்ட்ரலும் சந்திக்கும் முக்கிய இடம் தாதர். அங்கே பல ஆண்டுகளாக இரண்டு தடங்களுக்கும் தனித்தனியே ஒன்றிலிருந்து எண்ணிவந்த நடைமேடைகளை 2023 டிசம்பரில் மாற்றி, வெஸ்டர்னுக்கு 1 முதல் 7, சென்ட்ரலுக்கு 8 முதல் 14 என்று தொடர் எண்ணாக்கிவிட்டார்கள். பழைய எண்ணைச் சொல்லி வழிகாட்டும் உள்ளூர்க்காரர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்பதால் பலகையை நம்புங்கள். அதே போல மாட்டுங்கா என்பது சென்ட்ரலில் உள்ள நிலையம், மாட்டுங்கா ரோடு என்பது வெஸ்டர்னில் உள்ள வேறொரு நிலையம்.

நடைமேடையில் தொங்கும் இண்டிகேட்டரில் வண்டி போய்ச் சேரும் ஊர், ஃபாஸ்ட்டா ஸ்லோவா என்ற குறி, வர இன்னும் எத்தனை நிமிடம் என்ற விவரம் இருக்கும். ஸ்லோ வண்டி எல்லா நிலையங்களிலும் நிற்கும். ஃபாஸ்ட் வண்டி பெரிய நிலையங்களில் மட்டும் நிற்கும். புதிதாக வருகிறவர்கள் அவசரப்படாமல் ஸ்லோவில் ஏறுவதே உத்தமம். குறிப்பாக, மாலையில் பாந்த்ராவுக்கோ அந்தேரிக்கோ போக வேண்டியவர்கள் விரார் ஃபாஸ்ட்டில் ஏறக்கூடாது. கடைசி வரை போகிறவர்கள் வாசலை அடைத்து நிற்பார்கள். நடுவில் இறங்குவதற்கு வழி கிடைப்பது சந்தேகம், வசவு கிடைப்பது நிச்சயம். எந்த வண்டியானாலும் இறங்க வேண்டிய நிலையத்துக்கு ஒரு நிலையம் முன்பே வாசல் பக்கம் நகர்ந்துவிட வேண்டும். நடைமேடை இடப்பக்கம் வருமா வலப்பக்கம் வருமா என்று பக்கத்தில் நிற்பவரிடம் கேளுங்கள். இந்த ஊரில் யாரும் முகம் சுளிக்காமல் பதில் சொல்லும் கேள்வி அதுதான்.

இரண்டாம் வகுப்பில் குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாய். முதல் வகுப்புப் பெட்டியும் அதே வண்டியில், இரண்டாம் வகுப்புப் பெட்டிகளுக்கு இடையில்தான் இருக்கும், கட்டணம் மட்டும் பல மடங்கு. கூட்டம் குறைவாக இருக்கிறதே என்று சாதாரணச் சீட்டோடு அதில் ஏறிவிட்டால் பரிசோதகரிடம் 250 ரூபாய் அபராதமும் கட்டண வித்தியாசமும் கட்ட வேண்டிவரும். வாசலுக்கு அருகே உள்ள பட்டைக் கோடுகளையும் எழுத்தையும் பார்த்துவிட்டு ஏறுங்கள். பெண்களுக்கான பெட்டிகள் தனியே உண்டு. குடும்பமாக வருகிறவர்கள் ஆண்கள் ஒரு பெட்டி, பெண்கள் ஒரு பெட்டி என்று பிரிந்து ஏறுவதாக இருந்தால், எந்த நிலையத்தில் இறங்குவது, இறங்கிய பின் எங்கே கூடுவது என்பதை ஏறுவதற்கு முன்பே பேசிக்கொள்ள வேண்டும். இரைச்சலில் தொலைபேசி மணி காதில் விழாது.

ஞாயிற்றுக்கிழமை பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தண்டவாளப் பராமரிப்புக்காக அன்று பகல் நேரத்தில் சில பகுதிகளில் வண்டிகளை நிறுத்தியும் தடம் மாற்றியும் விடுவார்கள்; மெகா பிளாக் என்று பெயர். எந்தத் தடத்தில், எந்த நேரத்தில் என்பது சனிக்கிழமையே அறிவிக்கப்பட்டுவிடும். இதைப் பார்க்காமல் கிளம்புகிறவர்கள்தான் கூட்டமில்லாத நாளில் கூட்டத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். வருத்தம் என்னவென்றால், கோட்டைப் பகுதியை நடந்து பார்க்க மிக உகந்த நாளும் ஞாயிறுதான். அலுவலகங்கள் மூடியிருப்பதால் தெருக்கள் வெறிச்சோடியிருக்கும். கட்டடங்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நடக்கலாம். எனவே காலை எட்டு மணிக்குள் சிஎஸ்எம்டி போய்ச் சேர்ந்துவிடுங்கள். 1888இல் கட்டி முடிக்கப்பட்ட அந்த ரயில் நிலையம் 2004 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம். அங்கிருந்து ஃப்ளோரா ஃபவுண்டன், ஹார்னிமன் சர்க்கிள் வழியாக நடந்து ஓவல் மைதானத்துக்கு வந்தால், கிழக்கே ராஜாபாய் மணிக்கூண்டும் உயர் நீதிமன்றமுமாகக் கோத்திக் பாணிக் கட்டடங்கள், மேற்கே 1930களின் ஆர்ட் டெக்கோ குடியிருப்புகள் என்று இரண்டு காலங்கள் நேருக்கு நேர் நிற்கும். இந்த வரிசைகளுக்கும் 2018இல் அதே அங்கீகாரம் கிடைத்தது. ஷாருக் கான் வீட்டு வாசலில் ஒரு மணி நேரம் நிற்கத் தயாராக இருக்கும் நம் உறவினர்கள் இந்த மைதானத்தில் கால்மணி நேரம் நிற்பதில்லை என்பது என் நெடுநாள் குறை.

எலிபெண்டா குகைகளும் கன்ஹேரி குகைகளும் திங்கட்கிழமை திறப்பதில்லை. எலிபெண்டாவுக்குக் கேட்வேயிலிருந்து படகில் ஏறத்தாழ ஒரு மணி நேரம். காலையின் முதல் படகுகளில் ஒன்றைப் பிடித்துவிட்டால் வெயில் ஏறுவதற்குள் படிகளைக் கடந்துவிடலாம். ஏறத்தாழ ஆறு மீட்டர் உயரமுள்ள மும்முகச் சிவன் முன் நின்று பார்க்கவும் கூட்டமில்லாத பொழுது கிடைக்கும். கையில் தின்பண்டம் இருந்தால் குரங்குகள் பறித்துக்கொள்ளும். கன்ஹேரியோ வடக்கே போரிவலியில், தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது. தாதரிலிருந்து காலை ஒன்பது மணிக்குப் போரிவலி வண்டியில் ஏறினால் பெரும்பாலும் உட்கார இடம் கிடைக்கும், ஏனென்றால் ஊர் அப்போது எதிர்த்திசையில் போய்க்கொண்டிருக்கும். மதியம் நான்கு மணிக்குள் திரும்பிவிட்டால் இரு வழியிலும் நெரிசல் இல்லை. எலிபெண்டாவையும் கன்ஹேரியையும் ஒரே நாளில் வைக்க வேண்டாம். சித்திவிநாயகரைச் செவ்வாயன்று தவிர்த்தால் வரிசை குறையும். ஹாஜி அலி தர்காவுக்குப் போகும் பாதை கடல் ஏற்றத்தின்போது நீரில் மூழ்கிவிடும் என்பதால் ஏற்ற நேரத்தைப் பார்த்துவிட்டுப் போங்கள்.

மழைக்காலத்தில் வருகிறவர்களுக்கு இந்தக் கடல் ஏற்றம் இன்னும் முக்கியமான செய்தி. ஜூன் முதல் செப்டம்பர் வரை இங்கே பெய்யும் மழை நம் ஐப்பசி அடைமழையிலிருந்து வேறுபட்டது. 2005 ஜூலை 26ஆம் தேதி சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியது. பெருமழையும் கடல் ஏற்றமும் ஒரே நேரத்தில் வந்தால் வடிகால் நீர் கடலுக்குள் போக முடியாமல் ஹிந்த்மாதா, சயன், கிங்ஸ் சர்க்கிள், அந்தேரி சுரங்கப்பாதை போன்ற தாழ்ந்த இடங்களில் தேங்கி, ரயிலும் நின்றுவிடும். நாலரை மீட்டருக்கு மேல் ஏற்றம் இருக்கும் நாட்களின் பட்டியல் பருவமழைக்கு முன்பே நாளிதழ்களில் வந்துவிடும். இங்குள்ளவர்கள் அதைப் பார்த்துக்கொண்டுதான் கிளம்புகிறார்கள். அப்படியொரு நாளில் மழை வலுத்தால் இருக்கும் இடத்திலேயே இருந்துவிடுங்கள். எலிபெண்டா படகுகளும் மோசமான வானிலையில் ஓடாது. என்னைக் கேட்டால் நவம்பர் முதல் பிப்ரவரி வரை வரச் சொல்வேன்.

ஆட்டோக்கள் மேற்கே பாந்த்ராவுக்கும் கிழக்கே சயனுக்கும் தெற்கே வராது. அங்கிருந்து கறுப்பு மஞ்சள் டாக்சிதான். இரண்டுக்கும் மீட்டர் உண்டு, மீட்டர்படிதான் கொடுக்க வேண்டும் என்பதைச் சென்னையிலிருந்து வருகிறவர்கள் நம்ப மறுக்கிறார்கள். 2025 பிப்ரவரியில் நிர்ணயித்தபடி முதல் ஒன்றரை கிலோமீட்டருக்கு ஆட்டோ 26 ரூபாய், டாக்சி 31 ரூபாய். நள்ளிரவு முதல் ஐந்து மணி வரை கால் பங்கு கூடுதல். ரயில் முனையங்களின் வாசலிலேயே வந்து கையைப் பிடிப்பவர்களைத் தவிர்த்துவிட்டு, வரிசையில் நிற்கும் வண்டிக்குப் போங்கள்.

சாப்பாட்டுக்குக் கவலையே வேண்டாம். மாட்டுங்கா நிலையத்துக்கு எதிரே 1942இல் தொடங்கிய ராம நாயக் உணவகத்தில் வாழையிலைச் சாப்பாடு இன்றும் கிடைக்கும். கிங்ஸ் சர்க்கிள் பக்கம் இருக்கும் கஃபே மெட்ராஸில் ஞாயிறு காலை வரிசையில் நிற்கப் பொறுமை வேண்டும். ஆனால் இவ்வளவு தூரம் வந்து மூன்று வேளையும் இட்லி தேடுவது எனக்குச் சம்மதமில்லை. ஒரு வேளையாவது பன்னுக்குள் உருளைக்கிழங்கு வடை வைத்த வடாபாவும், முளைகட்டிய பயற்றில் செய்யும் காரமான மிசலும் சாப்பிடுங்கள். ஈரானிலிருந்து வந்து குடியேறியவர்கள் தொடங்கிய இரானித் தேநீர்க் கடைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டுக்கொண்டே வருவதால், 1904 முதல் நடக்கும் கயானி போன்றவை இருக்கும்போதே போய்ப் பன் மஸ்கா என்னும் வெண்ணெய் தடவிய பன்னும் தேநீரும் கேட்டு உட்காருங்கள்.

தாராவியைச் சுற்றிக்காட்ட முடியுமா என்று சிலர் கேட்கிறார்கள். திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து தோல் பதனிட்ட குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இன்று வாழும் இடம் அது. வறுமையை வேடிக்கை பார்க்கப் போவது எனக்குப் பிடிப்பதில்லை. சயன் பாந்த்ரா இணைப்புச் சாலையில் உள்ள தோல் கடைகளில் பையோ இடைவாரோ வாங்கப் போவது வேறு விஷயம், பொருளும் நன்றாக இருக்கும். கோயில் வேண்டும் என்பவர்கள் செம்பூர் செட்டா நகரில் 108 படிகள் ஏறித் திருச்செம்பூர் முருகனைத் தரிசிக்கலாம்.

ஊர் திரும்பும் சீட்டில் எந்த முனையம் என்று அச்சிட்டிருக்கிறது என்பதை முதல் நாளே பார்த்துவிடுங்கள். தமிழ்நாட்டு வண்டிகள் சில சிஎஸ்எம்டியிலிருந்தும் சில குர்லாவிலுள்ள லோக்மான்ய திலக் முனையத்திலிருந்தும் கிளம்புகின்றன. மும்பை சென்ட்ரல் என்ற நிலையம் வெஸ்டர்ன் தடத்தில் இருப்பது, சென்னைக்காரர்கள் பெயரைப் பார்த்து அங்கே போய் நின்றுவிடக் கூடாது. விமானம் என்றால் முனையம் 1, முனையம் 2 இரண்டுக்கும் வாசல் வெவ்வேறு சாலையில் என்பதோடு, இப்போது நவி மும்பையிலும் ஒரு விமான நிலையம் இருப்பதால் ஊர்ப் பெயரையும் சேர்த்துப் படியுங்கள். திலக் முனையத்துக்குக் கையில் சிறு பையோடு போகிறவர்கள் ஹார்பர் வண்டியில் திலக் நகரில் இறங்கி நடந்துவிடலாம். பெட்டிகள் நிறைய இருந்தால் டாக்சியே சரி. இரவு வண்டியாக இருந்தாலும் தெற்கிலிருந்து மாலை நான்கு மணிக்குள் கிளம்பிவிடுங்கள்.