கென்யாவில் ஆறு மாதம்: வேலை நாளும் காட்டு நாளும்

கென்யாவில் பேசும் சுவாஹிலி மொழியில் மணிக்கணக்கு காலை ஆறிலிருந்து தொடங்குகிறது. நாம் 7 மணி என்பதை அவர்கள் 'சா மோஜா', அதாவது மணி ஒன்று, என்பார்கள். 8 மணி 'சா ம்பிலி', மணி இரண்டு. சூரிய உதயத்திலிருந்து நாழிகை எண்ணியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இது விளங்காத கணக்கு இல்லை. ஆனாலும் முதல் வாரக் குழப்பம் இங்கேதான் தொடங்கும். அதே ஆள் ஆங்கிலத்தில் பேசும்போது நம் கணக்கில் சொல்வார், சுவாஹிலிக்கு மாறியதும் அவர் கணக்கில் சொல்வார். கடிகாரத்தில் முள் காட்டும் எண்ணுக்கு நேர் எதிரே இருக்கும் எண்ணைப் பார்த்தால் போதும்: 8-க்கு எதிரே 2.

ராயபுரம், தண்டையார்பேட்டை, வியாசர்பாடிப் பக்கம் ஐ.டி.ஐ. முடித்து, எலக்ட்ரீஷியனாகவோ ஃபிட்டராகவோ சில வருடம் வேலை பார்த்துவிட்டு, அங்கே ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தில் தன்னார்வலராகச் சொல்லிக்கொடுக்கப் போகிறவர்களை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன்.

முதல் வேலை மஞ்சள் காய்ச்சல் ஊசி. அதற்குக் கிண்டி வரைக்கும் போக வேண்டியதில்லை, ராஜாஜி சாலையில் உள்ள துறைமுக சுகாதார அலுவலகத்திலேயே போடுகிறார்கள். மருந்துக் குப்பியைத் திறந்துவிட்டால் சில மணி நேரத்துக்குள் பலருக்குப் போட்டு முடித்தாக வேண்டும். அதனால் தினமும் போட மாட்டார்கள், முன்பதிவு நாளைக் கேட்டுக்கொண்டு போங்கள். முட்டை ஒவ்வாமை இருந்தால் ஊசிக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். போட்ட 10 நாளுக்குப் பிறகே சான்றிதழ் செல்லும், அதன்பின் ஆயுளுக்கும் போதும். இந்தச் சான்றிதழ் இல்லாமல் கென்யாவிலிருந்து திரும்பினால், இந்தியாவில் 6 நாள் வரை தனிமையில் வைக்க விதி உண்டு. சான்றிதழாகத் தரும் மஞ்சள் புத்தகத்தில் பாஸ்போர்ட் எண் சரியாக இருக்கிறதா என்று அந்த மேஜையிலேயே பார்த்துவிடுங்கள்.

2024 ஜனவரி முதல் கென்யாவுக்கு விசா இல்லை, இணையவழிப் பயண அனுமதிதான். அதை வைத்து வேலை செய்ய முடியாது. சம்பளம் வாங்காவிட்டாலும் பட்டறையில் நின்று சொல்லிக்கொடுத்தால் அது வேலைதான். அதற்குரிய அனுமதியை உங்களை அழைக்கும் நிறுவனம் வாங்கித் தர வேண்டும். "வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்லும் இடத்துக்குப் போகாதீர்கள்.

பட்டறையில் கவனமெல்லாம் வயரின் நிறத்தில் இருக்கட்டும். நம் ஊரில் மூன்று ஃபேஸுக்குச் சிவப்பு, மஞ்சள், நீலம், நியூட்ரலுக்குக் கறுப்பு. அங்கே புதிய கேபிள்களில் பிரவுன் ஃபேஸ், நீலம் நியூட்ரல். நீலத்தைப் பார்த்ததும் ஃபேஸ் என்று கை பழகியிருக்கும், அந்தப் பழக்கம்தான் ஆபத்து. பழைய கட்டடத்தில் சிவப்பும் கறுப்பும் இருக்கும், இடையில் யாரோ பழுது பார்த்த இடத்தில் இரண்டு நிற முறையும் கலந்திருக்கும். நிறத்தை நம்பாமல் டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகே தொட வேண்டும்.

பிளக்கும் வேறு. பிரிட்டிஷ் முறைப்படி மூன்று சதுரப் பின், பிளக்குக்குள்ளேயே 3 அல்லது 13 ஆம்பியர் ஃப்யூஸ். நீளமான எர்த் பின் உள்ளே போனால்தான் மற்ற இரண்டு துளைகளின் மூடி திறக்கும். நம் உருண்டைப் பின் சார்ஜரை நுழைக்க, எர்த் துளையில் பேனாவைக் குத்தி மூடியைத் திறப்பார்கள். பின் அரைகுறையாகப் பிடிக்கும், சூடேறும், சாக்கெட் கருகும். அதைப் பாடமாகவே நடத்தலாம்: கருகிய சாக்கெட் ஒன்றைப் பிரித்து மாணவர் கையில் கொடுத்து, ஏன் கருகியது என்று அவர்களே சொல்லும் வரை காத்திருங்கள். பழுதை நீங்களே சரிசெய்து முடித்தால், நீங்கள் ஊர் திரும்பிய மறுநாள் அந்த வேலை அங்கே நின்றுபோகும். கொண்டுபோகும் மல்டிமீட்டரையும் விட்டுவிட்டு வாருங்கள்.

வீட்டுக் கரண்டுக்கு முன்பணம் கட்டி 20 இலக்க டோக்கன் எண் வாங்கி, மீட்டரில் தட்ட வேண்டும். பணம் கட்டுவது எம்-பெசா வழியாக. 2007-ல் தொடங்கிய இந்தக் கைபேசிப் பணம் இல்லாமல் காய்கறிக் கடையில்கூட சிரமம். பாஸ்போர்ட் காட்டி சிம் வாங்கும்போதே இதையும் திறந்துகொள்ளுங்கள். தண்ணீருக்கு 20 லிட்டர் மஞ்சள் கேன். மெட்ரோ லாரிக்குக் குடம் வரிசை போட்டவர்களுக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

நக்குரு போன்ற ஊர்கள் சுமார் 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கின்றன. தண்ணீர் 94 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும், திறந்த பாத்திரத்தில் பருப்பு வேகவே வேகாது. மூன்று லிட்டர் குக்கர் பெட்டியில் இருக்கட்டும். ஜூலைக் குளிரில் இட்லி மாவு ஒரு ராத்திரியில் பொங்காது. அடுப்பின் பக்கத்தில் துணி சுற்றி வைத்தாலும் கூடுதலாக அரை நாள் பிடிக்கும். உகாலி என்பது மக்காச்சோள மாவில் கிளறிய களி, கேழ்வரகுக் களி சாப்பிட்டவர்களுக்கு இரண்டாம் நாளே பழகிவிடும். காசிமேட்டு நாக்கு ஏங்கினால், சந்தையில் ஒமேனா கேளுங்கள். விக்டோரியா ஏரியின் பொடிமீனைக் காயவைத்தது. வெந்நீரில் அலசி, நெத்திலிக் கருவாடு போலவே தொக்கு செய்யலாம். பொடி வகைகளை மட்டும் கேரி பேக்கில் கட்டி எடுத்துப் போகாதீர்கள். 2017 ஆகஸ்ட் முதல் அங்கே அதற்குத் தடை. டப்பாவோ துணிப்பையோதான்.

இனி சஃபாரி. சுவாஹிலியில் அந்தச் சொல்லுக்குப் பயணம் என்றுதான் பொருள். வந்த முதல் மாதத்திலேயே ஓடாதீர்கள். ஓட்டுநரோடு நாலு வார்த்தை பேசத் தெரிந்த பிறகு போனால் பார்ப்பதும் கேட்பதும் கூடும்.

மசாய் மாரா வனவிலங்குக் காப்பகம் சுமார் 1,510 சதுர கிலோமீட்டர். நைரோபியிலிருந்து நரோக் வழியாக ஐந்தாறு மணி நேரம். லட்சக்கணக்கில் வில்டபீஸ்ட் என்ற பெரிய மான் மந்தை வருவது ஏறக்குறைய ஜூலை முதல் அக்டோபர் வரை. ஆகஸ்ட் பள்ளி விடுமுறை அதோடு பொருந்துகிறது, நுழைவுக் கட்டணம்தான் பொருந்தாது. வெளிநாட்டவருக்கு 2024-ல் வந்த விகிதப்படி ஜூலை முதல் டிசம்பர் வரை 200 டாலர், ஜனவரி முதல் ஜூன் வரை 100 டாலர், அதுவும் 12 மணி நேரத்துக்கு. சிங்கமும் யானையும் சிவிங்கிப்புலியும் வருடம் முழுக்க அங்கேயே இருப்பவை. அதனால் என் தேர்வு ஜனவரி, பிப்ரவரி. மார்ச்சிலிருந்து மே வரை பெருமழை. மண் நம் கரிசல் போன்றது, நனைந்தால் வண்டி அச்சு வரை இறங்கும். பணம் கொடுக்குமுன் இரண்டைக் கேளுங்கள்: விலையில் எத்தனை நுழைவுச் சீட்டு அடக்கம், விடுதி காப்பக வாயிலுக்கு உள்ளேயா வெளியேயா.

விடியற்காலையும் மாலையும்தான் பார்க்கும் நேரம். நடுப்பகலில் சிங்கம் புதரடியில் தூங்கும். சிவிங்கிப்புலி பகலில் வேட்டையாடுவது, அதற்குத்தான் நம்மால் கேடு. ஒரு விலங்கைச் சுற்றி ஐந்து வண்டிக்கு மேல் நிற்கக் கூடாது, தடம் விட்டு இறங்கக் கூடாது என்பது விதி. விதியை மீற வைப்பது பின் இருக்கையிலிருந்து வரும் "இன்னும் கிட்டப் போங்க" என்ற குரல்தான். 2018-ல் வெளியான மாரா ஆய்வு ஒன்றில், சுற்றுலா குறைந்த பகுதியில் சிவிங்கிப்புலியின் ஒரு ஈற்றுக்குச் சராசரியாக 2.3 குட்டி பிழைத்து வளர்ந்தது. வண்டி நெரிசல் மிகுந்த இடத்தில் அது 0.2. ஓட்டுநரிடம் "போலே போலே", மெதுவாக, என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அவரும் நிம்மதியாக ஓட்டுவார்.

கையில் பணம் குறைவென்றால் நைரோபி தேசியப் பூங்காவே போதும். 1946-ல் அமைத்தது, 117 சதுர கிலோமீட்டர், காண்டாமிருகமும் சிங்கமும் உண்டு, யானை கிடையாது. நக்குரு ஏரியைப் பழைய படங்களில் பார்த்துவிட்டு இளஞ்சிவப்புக் கரையை எதிர்பார்க்காதீர்கள். நீர்மட்டம் ஏறி உவர்ப்பு குறைந்ததால், பூநாரைகளுக்கு உணவான நீலப்பச்சைப் பாசியும் குறைந்தது. பெருங்கூட்டம் பொகோரியா போன்ற ஏரிகளுக்கு நகர்ந்துவிட்டது. பழவேற்காட்டில் படகிலிருந்து பூநாரை பார்த்தவர்கள் அங்கே அலகைக் கவனியுங்கள். பழவேற்காட்டில் நாம் பெரும்பாலும் பார்ப்பது பெரிய பூநாரை, வெளிர் ரோஜா அலகில் நுனி மட்டும் கறுப்பு. பொகோரியாவில் கூட்டமாக நிற்பது சிறியது. தூரத்திலிருந்து பார்த்தால் அலகு முழுக்கக் கருஞ்சிவப்பாகத் தெரியும்.