லெஸ்டர் சிட்டியின் 2015-16 பருவத்தை வரைபடத்தாளில் வரைந்து பார்த்த அனுபவம்

இங்கிலாந்தின் பிரீமியர் லீக் கால்பந்துப் பட்டத்தை லெஸ்டர் சிட்டி வென்ற 2015-16 பருவத்தின் 38 ஆட்டங்களும் ஒரே பார்வையில் படும்படி ஒரு வரைபடம் வரைந்து வருகிறேன். மூன்று பட்டைகளாகத் திட்டமிட்ட அதில் புள்ளிகளுக்கான மேல் பட்டையும் கோல்களுக்கான நடுப் பட்டையும் நிறைவடைந்துவிட்டன. ஆட்டக்காரர்களுக்கான கீழ்ப் பட்டையில் பாதிக்கு மேல் வண்ணம் ஏறியிருக்கிறது. இதுவரை செய்த முறையையும், வரையும்போது கண்ணில் பட்டவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

பருவம் தொடங்கும் முன் பந்தய நிறுவனங்கள் இந்த அணிக்கு 5000-க்கு 1 என்ற வாய்ப்பையே (ஒரு பவுண்டு கட்டி வென்றால் 5000 பவுண்டு) கொடுத்திருந்தன என்பதால், அந்த வெற்றியைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அதிசயம் என்ற ஒரு சொல்லோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கு அது போதவில்லை. ஆகஸ்ட் தொடங்கி மே வரை நீளும் ஒரு போட்டியில் முதலிடம் பெற வேண்டுமானால் வாரந்தோறும் யாரோ எதையோ சரியாகச் செய்திருக்க வேண்டும். அது எந்த வாரம், செய்தது என்ன என்பதைக் கட்டம் கட்டமாக என் கையாலேயே வரைந்து அறிய விரும்பினேன். கணினியில் எண்களைக் கொடுத்தால் நொடியில் படம் வந்துவிடும். ஆயினும் ஒவ்வொரு கோலுக்கும் ஒரு கட்டம் என்று பென்சிலால் நிரப்பும்போது அந்தந்த ஆட்டத்தோடு சிறிது நேரம் தங்கியிருக்க நேர்கிறது, அந்தத் தங்கலுக்காகத்தான் இந்த வேலையை எடுத்துக்கொண்டேன்.

ஓர் ஆட்டத்துக்கு ஒரு சென்டிமீட்டர் அகலம் என்று கொண்டதால் 38 சென்டிமீட்டர் நீளம் தேவைப்பட்டது. ஏ4 வரைபடத்தாள்களைப் பக்கவாட்டில் சேர்த்து, 19-ஆம் ஆட்டத்துக்கும் 20-ஆம் ஆட்டத்துக்கும் நடுவே இணைப்பு விழும்படி கெட்டியான சார்ட் அட்டையில் ஒட்டினேன். நடுப் பட்டையின் குறுக்கே ஒரு கிடைக்கோடு உண்டு. அடித்த கோல்கள் அதற்கு மேலே நீலமாகவும் வாங்கிய கோல்கள் கீழே சிவப்பாகவும், கோலுக்கு ஒரு சென்டிமீட்டர் வீதம் நிற்கின்றன. மேல் பட்டையில் ஒரு புள்ளிக்கு இரண்டு மில்லிமீட்டர். அணி இறுதியில் பெற்ற 81 புள்ளிகள் 16.2 சென்டிமீட்டர் உயரத்தை எட்டுகின்றன. இதைச் செய்து பார்க்க விரும்புவோர் மேலிருந்து கீழாகவும் இடமிருந்து வலமாகவும் நிரப்புவது நல்லது. கை உராய்ந்து வண்ணத் தூள் பரவாமல் இருக்கும்.

நடுப் பட்டையில் முதல் ஒன்பது தூண்களை முடித்தபோது எனக்குக் கிடைத்த படம், பட்டம் வெல்லப்போகும் அணியின் படமாகத் தோன்றவில்லை. ஒன்பதிலும் கோட்டுக்குக் கீழே சிவப்பு இருக்கிறது. சந்தர்லாந்தை 4-2 என்று வென்ற முதல் ஆட்டம் தொடங்கி சவுத்தாம்ப்டனுடன் 2-2 என்று முடிந்த ஒன்பதாம் ஆட்டம் வரை, அணி வாங்கியவை 17 கோல்கள். அந்த ஒன்பதில் மூன்று ஆட்டங்களில், அதாவது ஆஸ்டன் வில்லா, ஸ்டோக், சவுத்தாம்ப்டன் ஆகிய அணிகளுக்கு எதிராக, 0-2 என்று பின்தங்கியிருந்தும் லெஸ்டர் மொத்தம் ஐந்து புள்ளிகளை (வெற்றிக்கு மூன்று, சமனுக்கு ஒன்று) மீட்டிருக்கிறது. வில்லாவுக்கு எதிரான மூன்று கோல்களும் கடைசி இருபது நிமிடங்களில் விழுந்தவை. இந்த மீட்சிகள் இல்லாமல் போயிருந்தால் அக்டோபரிலேயே அணி பட்டியலின் நடுவில் காணாமல் போயிருக்கும் என்று நினைக்கிறேன்.

சிவப்பு மிக ஆழமாக இறங்குவது ஏழாவது தூணில். செப்டம்பர் 26 அன்று சொந்த மைதானத்தில் ஆர்சனலிடம் 2-5 என்று தோற்ற ஆட்டம் அது. அடுத்த ஆட்டத்தில் பயிற்சியாளர் க்ளாடியோ ரனியேரி இரு பக்கத் தற்காப்பு இடங்களையும் மாற்றினார்: ரிச்சி டி லாட், ஜெஃப் ஷ்லுப் ஆகியோர் இருந்த இடங்களுக்கு டேனி சிம்ப்சனும் கிறிஸ்டியன் ஃபுக்ஸும் வந்தார்கள். முன்னேறி ஓடுவதில் விருப்பமுள்ளவர்களுக்குப் பதிலாக, முதலில் தம் இடத்தைக் காப்பவர்கள். வரைபடத்தில் நான் தேடிக்கொண்டிருந்த வாரம் இதுதான் என்று எனக்கு உறுதியாகத் தோன்றுகிறது. மாற்றத்தின் பலன் உடனே வரவில்லை. நார்விச்சிடம் ஒன்று, சவுத்தாம்ப்டனிடம் இரண்டு என்று கோல்கள் விழுந்துகொண்டுதான் இருந்தன. அக்டோபர் 24 அன்று கிரிஸ்டல் பேலஸை 1-0 என்று வென்றபோதுதான் கோட்டுக்குக் கீழே வெள்ளையாக நிற்கும் முதல் தூண் வருகிறது. கோல் வாங்காமல் ஓர் ஆட்டத்தை முடித்தால் பீட்சா வாங்கித் தருவதாக ரனியேரி சொல்லியிருந்தார். சொன்னபடி ஆட்டக்காரர்களை ஒரு பீட்சாக் கடைக்கு அழைத்துச் சென்று, தத்தமக்கான பீட்சாவை அவர்களையே செய்யவும் வைத்தார்.

நான்காம் தூணிலிருந்து 14-ஆம் தூண் வரை நீலத்தின் உச்சியில் ஒரு சிறு நட்சத்திரம் வரைந்திருக்கிறேன். அவை முன்கள ஆட்டக்காரர் ஜேமி வார்டி தொடர்ந்து கோல் அடித்த 11 ஆட்டங்கள். ரூட் வான் நிஸ்டல்ரூய் வைத்திருந்த பத்து ஆட்டச் சாதனையை, நவம்பர் 28 அன்று அதே நிஸ்டல்ரூய் முன்பு ஆடிய மான்செஸ்டர் யுனைடெட் அணிக்கு எதிராகவே அவர் கடந்தார். அந்தக் கோலுக்குப் பின்னிருந்து பந்தைத் தள்ளிக் கொடுத்தவர் ஃபுக்ஸ். 2012-இல் ஃப்ளீட்வுட் டவுன் என்ற, தொழில்முறை லீக்கின் நான்கு பிரிவுகளுக்கும் வெளியே ஆடிய கழகத்திலிருந்து வந்தவர் வார்டி என்பதை எண்ணும்போது, அந்தப் பதினொரு நட்சத்திரங்களையும் வரைந்த நேரம் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தந்தது.

தாள்களின் இணைப்பு விழும் இடத்தில் ஒரு வெறுமை இருக்கிறது. லிவர்பூலிடம் 0-1, மான்செஸ்டர் சிட்டியுடன் 0-0, போர்ன்மத்துடன் 0-0 என்று 18, 19, 20-ஆம் தூண்களில் நீலமே இல்லை. முழுப் பருவத்திலும் லெஸ்டர் கோல் அடிக்காத ஆட்டங்கள் இந்த மூன்று மட்டுமே என்பதும், மூன்றும் அடுத்தடுத்து வந்தன என்பதும் வரைந்த பிறகே எனக்குத் தெரிந்தது. பட்டியலாகப் படிக்கும்போது இவை மூன்று வரிகளாகக் கடந்து போய்விடுகின்றன. மேல் பட்டையில் புள்ளிக்கோடு கிட்டத்தட்ட படுத்துவிடுவதும் அங்கேதான். ஜனவரி 2 அன்று ஆர்சனல் 42 புள்ளிகளோடு முன்னே செல்ல, லெஸ்டர் 40-இல் நிற்கிறது. எல்லாரும் எதிர்பார்த்த சரிவு தொடங்கியிருக்க வேண்டிய கட்டம் அது. ஆனால் ஜனவரி 13 அன்று டாட்டன்ஹாமின் மைதானத்தில் 83-ஆம் நிமிடத்தில் ராபர்ட் ஹூத் தலையால் முட்டிய ஒரே கோல் வெற்றியைத் தந்தது, அதே மாதம் 23-ஆம் தேதி ஸ்டோக்கை 3-0 என்று வென்றபோது அணி 47 புள்ளிகளோடு மூன்று புள்ளி முன்னிலை பெற்றது. அதற்குப் பிறகு முதலிடத்தை விட்டு இறங்கவேயில்லை.

இணைப்புக்கு இருபுறமும் உள்ள தாள்களை ஒப்பிட்டால் இரண்டு வெவ்வேறு அணிகள் ஆடியதுபோல் தெரிகிறது. முதல் 19 ஆட்டங்களில் அடித்தவை 37, வாங்கியவை 25, புள்ளிகள் 39. பின் 19 ஆட்டங்களில் அடித்தவை 31, வாங்கியவை வெறும் 11, புள்ளிகள் 42. கோல் குறைந்தது, புள்ளி கூடியது. பின்பாதியில் மட்டும் 1-0 என்ற வெற்றிகள் ஆறு இருக்கின்றன. இந்தப் பருவத்தின் அடையாளமாகப் பலரும் நினைவில் வைத்திருப்பது பிப்ரவரி 6 அன்று மான்செஸ்டர் சிட்டியை அவர்களுடைய மைதானத்திலேயே 3-1 என்று வென்ற ஆட்டத்தை. அது மகத்தான ஆட்டம்தான். இருந்தாலும் பட்டம் கைக்கு வந்த வழி, ஒரே ஒரு நீலக் கட்டமும் கீழே வெள்ளையுமாக நிற்கும் அந்தச் சிறிய தூண்களில்தான் எனக்குத் தெரிகிறது.

பிப்ரவரி 14 தோல்வியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆர்சனலின் மைதானத்தில் முன்னிலையில் இருந்த லெஸ்டர், சிம்ப்சன் வெளியேற்றப்பட்ட பிறகு பத்துப் பேரோடு தாக்குப்பிடித்து, கூடுதல் நேரத்தின் ஐந்தாம் நிமிடத்தில் டேனி வெல்பெக் அடித்த கோலால் 1-2 என்று தோற்றது. லெஸ்டர் 53, ஆர்சனலும் டாட்டன்ஹாமும் 51. ரனியேரி ஆட்டக்காரர்களுக்கு ஒரு வாரம் விடுமுறை கொடுத்தார். இதைவிடத் துணிவான முடிவை அந்தப் பருவத்தில் அவர் எடுக்கவில்லை என்பது என் கருத்து. பின்னர் வந்த 12 ஆட்டங்களில் எட்டு வெற்றி, நான்கு சமன், தோல்வி இல்லை. அதிலும் வாட்ஃபோர்ட், நியூகாசில், கிரிஸ்டல் பேலஸ், சவுத்தாம்ப்டன், சந்தர்லாந்து ஆகிய ஐந்து அணிகளை ஒரு கோல்கூட வாங்காமல் தொடர்ந்து வென்றது. மே 2 அன்று செல்சியுடன் இரண்டு கோல் முன்னிலையை விட்டுக்கொடுத்து, லெஸ்டரைத் துரத்தி வந்த டாட்டன்ஹாம் 2-2 என்று சமன் செய்தபோது பட்டம் உறுதியாயிற்று.

இப்போது கையில் இருப்பது கீழ்ப் பட்டை. ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் ஒரு வரிசை. அவர் ஆடிய ஆட்டங்களில் மட்டும் வண்ணம். கோல்காப்பாளர் காஸ்பர் ஷ்மைக்கலும் அணித்தலைவர் வெஸ் மோர்கனும் 38 ஆட்டங்களிலும் ஒரு நிமிடம் விடாமல் ஆடியதால், அவர்களுடைய வரிசைகள் இடைவெளியின்றி ஓரத்திலிருந்து ஓரம்வரை ஓடுகின்றன. வார்டியின் வரிசையில் 35, 36 ஆகிய இரண்டு கட்டங்கள் மட்டும் வெள்ளை. வெஸ்ட் ஹாமுக்கு எதிராகப் பெற்ற சிவப்பு அட்டையின் விளைவு அது. அவர் இல்லாத முதல் ஆட்டத்தில் ஸ்வான்சியை 4-0 என்று வென்றதில், அவருக்குப் பதிலாக ஆடிய லியோனார்டோ உல்லோவா இரண்டு கோல் அடித்தார். ரியாத் மஹ்ரெஸின் வரிசையும் என்கோலோ கான்டேயின் வரிசையும் ஏறத்தாழ முழுமையானவை. அந்தப் பருவத்தில் லீக்கிலேயே மிகக் குறைவாக அணியை மாற்றியது லெஸ்டர்தான் என்பதற்கு இந்தப் பட்டையைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. ஐரோப்பியப் போட்டிகள் இல்லாததும், உள்நாட்டுக் கோப்பைகளிலிருந்து சீக்கிரம் வெளியேறியதும் அதற்கு உதவின.

கீழ்ப் பட்டை முடிந்ததும் இடப்புறத்தில் இன்னொரு தாளை ஒட்டப்போகிறேன். 2014 கிறிஸ்துமஸின்போது பட்டியலின் கடைசியில் கிடந்த இதே அணி, 2015 ஏப்ரல், மே மாதங்களில் ஆடிய கடைசி ஒன்பது ஆட்டங்களில் ஏழை வென்று, கீழ்ப் பிரிவுக்கு இறக்கப்படாமல் லீக்கில் தங்கியது. 29 ஆட்டங்களில் 19 புள்ளிகள் மட்டும் எடுத்திருந்த அணி, அந்த ஒன்பதில் மட்டும் 22 புள்ளிகள் எடுத்தது. ஒரே தோல்வி, அந்த ஆண்டு பட்டம் வென்ற செல்சியிடம். அப்போது பயிற்சியாளராக இருந்தவர் நைஜல் பியர்சன். ஜூன் இறுதியில் அவர் நீக்கப்பட்டு, ஜூலையில் ரனியேரி வந்தார். பட்டம் வென்ற பருவத்தின் படத்தில் முந்தைய பருவத்துக்கு இடம் கொடுக்கலாமா என்று யோசித்தேன். மோர்கன், ஷ்மைக்கல், வார்டி, மஹ்ரெஸ், டிரிங்க்வாட்டர், ஆல்பிரைட்டன் ஆகிய அத்தனை வரிசைகளும் அந்தத் தாளுக்குள்ளும் நீள்வதால், கொடுக்கத்தான் வேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன். ஒன்பது தூண்களையும் பென்சிலால் குறித்தாயிற்று, இனி வண்ணம் தீட்ட வேண்டும்.